விலை இருக்கிறது, வாங்க ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெல் விற்ற பணத்தில் அப்பா வாங்கிப்போட்ட 200 பங்குகள், மடிப்பில் கிழியத் தொடங்கிய காகிதமாக எங்கள் மன்னார்குடி வீட்டு பீரோவில் கிடந்தன. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே கைமாற்ற முடியாது என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி சொல்லிவிட்டதால், அப்பா போன பிறகு தாலுகா ஆபீசுக்கும் வங்கிக்கும் அலைந்து, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஒருவழியாக டீமேட்டில், அதாவது பங்கை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கில், ஏற்றினேன். சரி, விற்கலாம் என்று பார்த்தால் திரையில் 5 பங்கு வாங்க ஒரே ஒருவர் நிற்கிறார், அவருக்குக் கீழே யாருமே இல்லை. மொத்தத்தையும் தள்ளினால் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் பங்குகளில் 25 சதவீதமாவது பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 25 எங்களைப் போன்றவர்கள் வீட்டு பீரோவில் முடங்கிக் கிடந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? இப்படிப்பட்ட நிறுவனங்கள் சிறு பங்குதாரர்களிடம் நியாய விலைக்குத் திரும்ப வாங்க முன்வர வேண்டும், செபி அதைக் கட்டாயமாக்கினாலும் தப்பில்லை.

அப்புறம், டெல்டாவில் பழைய சான்றிதழ் வைத்திருப்பவர்கள் உடனே எடுத்துப் பாருங்கள். நிறுவனம் தரும் லாபப் பங்கான டிவிடெண்டைத் தொடர்ந்து 7 ஆண்டு வாங்காமல் விட்டால் பங்கே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், மனுப் போட்டுத்தான் மீட்க வேண்டும்.

ஒரு வாசகர்,
மன்னார்குடி