ஆடியில் எனக்குப் புத்தகம் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அதிரச மாவு பிசைந்து வைத்தாயிற்று. நாளை மறுநாள் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். அப்புறம் தை வரைக்கும் எனக்கு நேரம் கிடைக்காது. அதற்குள் இந்த நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுப்பது 22 வருஷமாக என் தொழில். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் ஆர்டரும் கிடையாது. வழக்கமாக டின்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பகலில் படுத்துத் தூங்குவேன். இந்த ஆடியில் ஒன்பது புத்தகம் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பாடப்புத்தகம் தவிர வேறொன்றைக் கடைசிப் பக்கம்வரை படித்தது இதுதான் முதல் தடவை.

தொடங்கி வைத்தவர் பழைய பேப்பர் கடை அண்ணன். டின்னுக்குள் விரிக்க அவரிடம்தான் பேப்பர் வாங்குவேன். ஆனி கடைசியில் ஒரு பேப்பர்க் கட்டு மட்டும் தராசில் வைக்காமல் என்னிடம் நீட்டி, “இதுல எண்ணெய் படக் கூடாது ஆச்சி, படிச்சிட்டுக் குடுங்க” என்றார். உள்ளே ஏ.கே. செட்டியாரின் பயணக் கட்டுரைகள் இருந்தன. பக்கத்திலிருக்கும் கோட்டையூர்க்காரர்; உலகமெல்லாம் அலைந்து படச்சுருள் சேகரித்து, 1940-இல் காந்தியைப் பற்றிய படத்தை வெளியிட்டவர். இவ்வளவு செய்தவர் எழுத்தில் தன்னைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்! பார்த்ததைச் சொல்கிறார், நகர்ந்துவிடுகிறார். அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா, புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எதையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. அண்ணே, உங்கள் கடை மூலையில் நீங்கள் தனியாக எடுத்து வைக்கும் கட்டுகளும் எனக்கு அப்படித்தான் தெரிகின்றன.

மருமகளுக்கு நன்றி. “அத்தை, முதல்ல இதைப் படிங்க, வேகம் வரும்” என்று ஒரு கிரைம் நாவலைக் கையில் திணித்தவள் அவள்தான். ராத்திரி ஒன்றரை மணிக்கு முடித்தேன், வேகம் வந்துவிட்டது. மாதம் முழுக்கச் சாயங்காலச் சமையலை அவளே பார்த்துக்கொண்டாள்.

அடுத்த தெரு ஆச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீட்டு வளவில் இரண்டாவது அறையைத் திறந்து, அவர்கள் அப்பச்சியின் அலமாரிச் சாவியையே கொடுத்துவிட்டார்கள். அதில்தான் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ கிடைத்தது. 1972-இல் வெளிவந்த நாவல். சிங்காரம் சிங்கம்புணரியில் பிறந்து, வேலைக்காக இந்தோனேசியாவிலுள்ள மேடானுக்குப் போனவர். முதல் ஐம்பது பக்கம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஊர் பெயர்கள் குழப்பின. அப்புறம் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அக்கரை வட்டிக்கடை ஆட்களின் பெயர்கள் வரத் தொடங்கியதும் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். சின்ன வயதில் அப்பத்தா வாயில் கேட்ட வார்த்தைகள் அவை. எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1942-இல் சப்பான்காரன் வந்தபோது கால்நடையாக ஊர் வந்து சேர்ந்தார். அந்த நடையைப் பற்றிச் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கதை பர்மாவில் நடப்பதில்லை. இதில் வருவது கடல், தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல், புயல். இருந்தாலும் அந்த இளைஞர்கள் அக்கரையில் உட்கார்ந்து நம் ஊர்ச் சந்தையையும் தெருவையும் நினைத்துப் பேசும் இடங்களில் ஐயாவைப் பக்கத்தில் பார்த்தேன். பேசாத மனிதருக்குள் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நினைத்து அழுதேன். ஆச்சி, நான் அழுதபோது நீங்கள் ஒன்றும் கேட்காமல் காப்பி கொண்டுவந்து வைத்தீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

கிளை நூலகத்து அம்மாவுக்கும், லென்ஸ் மாற்றிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்த கண்ணாடிக் கடைத் தம்பிக்கும் நன்றி. செட்டியார்களின் வட்டித்தொழில் வரலாற்றைக் கொடுத்த கல்லூரித் தம்பி மன்னிக்க வேண்டும். அட்டவணைகள் வந்த இடத்தில் நின்றுவிட்டேன், அது இந்த ஒன்பதில் சேராது. ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளைப் பேரனுக்காக எடுத்தேன்; அவன் தூங்கிய பிறகும் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

தமிழ் சாருக்கு வருகிறேன். காரைக்குடியில் கம்பன் கழகம் 1939-இல் சா. கணேசன் தொடங்கியது. கம்பன் விழாவுக்கு நானும் பல வருஷம் போயிருக்கிறேன், பின் வரிசையில் உட்கார்ந்து பாதி புரிந்து எழுந்து வந்திருக்கிறேன். இந்த ஆடியில் சார் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தம் வீட்டுத் திண்ணையில் எனக்காகக் கம்பராமாயணத்தின் கங்கைப் படலத்தைப் பிரித்துப் பிரித்துச் சொன்னார். குகன் தேனும் மீனும் கொண்டுவருகிறான். சும்மா கொண்டுவரவில்லை, ‘திருத்தினென் கொணர்ந்தேன்’ என்கிறான். பக்குவம் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறான். சார் வேகமாகத் தாண்டிப் போன அந்தச் சொல்லில் நான் நிறுத்தினேன். அரிசியைக் களைந்து, உலர்த்தி, இடித்து, சலித்து, வெல்லத்தில் தூசி வடிகட்டி முடிப்பதற்குள் என் பாதி நாள் போய்விடும். சாப்பிடுகிறவர்களுக்கு அது தெரியாது. குகன் செய்த அந்த வேலையைக் கம்பன் ஒரு சொல்லில் வைத்திருக்கிறான். இராமன் அதை உண்ணவில்லை. ஆனால் அன்போடு கொண்டுவந்தது அமுதத்தைவிட உயர்ந்தது, நாமும் உண்டதாகவே வைத்துக்கொள் என்கிறான். நான் இதைச் சொன்னதும், “நாற்பது வருஷமா பாடம் நடத்தியிருக்கேன், இந்தச் சொல்லை இப்படிப் பாத்ததில்லை” என்று சார் தம் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அந்தப் பென்சில் கோட்டை நான் மறக்கமாட்டேன்.

வாங்கிய புத்தகங்களை ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகக் கொண்டுவந்து தருகிறேன். ஒரு ஓலைக் கொட்டானில் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் இருக்கும், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சார், படலத்தில் இன்னும் நாலு பாட்டு பாக்கி. ஏழு மணிக்கு வந்துவிடுவேன்.