குடும்பப் பஞ்சாயத்து பேச வர்ற பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா நடுவுல உக்காந்து பேசி அனுப்புற மாமா, சித்தப்பா, பெரியம்மா, ஊர்ப் பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் குடும்பநல கோர்ட்ல கேஸ் நடத்துற வக்கீல். டைவர்ஸ் ஏன் கூடிப்போச்சுன்னு கேட்டா நீங்க எல்லாரும் ஒரே பதில்தான் சொல்றீங்க, பொண்ணுங்க படிச்சிட்டாங்க, சம்பாதிக்கிறாங்க, அட்ஜஸ்ட் பண்ண மாட்டேங்குறாங்கன்னு. கேக்கவே ஆத்திரமா வருது. சம்பளம் எந்த கல்யாணத்தையும் உடைக்கல, உடைஞ்சு கிடந்த கல்யாணத்துல இருந்து வெளிய வர இப்ப அவ கைல காசு இருக்கு, அவ்ளோதான். 2011 சென்சஸ்ல நாடு முழுக்க டைவர்ஸ் ஆனவங்க சுமார் 13.6 லட்சம், டைவர்ஸ் வாங்காம பிரிஞ்சு வாழ்றவங்க அதைவிட ரெண்டரை மடங்குக்கு மேல. அந்த ரெண்டாவது கணக்கு உங்க பேச்சுல வர்றதே இல்ல.

நான் பாக்குற கேஸ் கட்டுகள்ல முதல்ல வர்றது குடி. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேயும் அதைத்தான் சொல்லுது, புருஷன் அடிக்கடி குடிச்சு போதையில இருக்கான்னு சொன்ன பொண்ணுங்கள்ல 100க்கு 70 பேர் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிச்சிருக்காங்க, குடிக்காத புருஷன்னா 23. நீங்க என்ன சொல்றீங்க, ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான், போகப் போக சரியாயிடும்னு.

அடுத்தது மறைச்சு பண்ற கல்யாணம், இதுல உங்க பங்கு ரொம்ப பெருசு. பையனுக்கு கடன் இருக்கு, பொண்ணுக்கு வேற ஒருத்தரை புடிச்சிருக்கு, யாரோ ஒருத்தர் வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறாங்க, எல்லாம் அந்தந்த வீட்டுப் பெரியவங்களுக்கு தெரிஞ்சிருக்கும், மண்டபம் புக் பண்ணியாச்சுன்னு யாரும் வாயத் திறக்க மாட்டீங்க, இதுல ஏமாந்து போறது பொண்ணுங்க மட்டும் இல்ல, பசங்களும்தான். 1955 இந்து திருமணச் சட்டம் 12வது பிரிவுல, முக்கியமான விஷயத்த மறைச்சு ஏமாத்தி பண்ணின கல்யாணத்தையே ரத்து பண்ண சொல்லி கேக்கலாம், ஆனா உண்மை தெரிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும், தெரிஞ்ச பிறகும் மனசார சேர்ந்து வாழ்ந்துட்டா அந்த வழி அடைஞ்சிடும். நீங்க "ஒரு வருஷம் வாழ்ந்து பாரு, ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் மாறிடும்"னு திருப்பி அனுப்புறீங்களே, அந்த ஒரு வருஷத்துலதான் இந்த வழியே போயிடுது. அப்புறம் டைவர்ஸ் வாங்க கொடுமைன்னு நிரூபிச்சு வருஷக்கணக்கா வாய்தாவுக்கு அலையணும், இப்ப கைல ஒரு குழந்தையும் இருக்கும்.

சீர் பத்தலன்னு குத்திக்காட்டுறது, அவ நகைய கேக்காம அடகு வைக்கிறது, ரெண்டு அம்மாவும் தினம் போன்ல தூண்டி விடுறது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், தெரிஞ்சும் பேச்சை அட்ஜஸ்ட்மென்ட்லதான் கொண்டுபோய் நிறுத்துறீங்க.

சேத்து வைக்காதீங்கன்னு நான் சொல்லல, பேசி சரியாகுற சண்டை நிறைய இருக்கு. ஆனா பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் தனித்தனியா, மத்தவங்க யாரும் இல்லாம கேளுங்க. அடி இருக்குன்னு தெரிஞ்சா அங்கயே பஞ்சாயத்த நிறுத்திட்டு அந்தப் பொண்ண பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ண சொல்லுங்க. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு உத்தரவும் கேக்கலாம், அதே வீட்ல தங்குற உரிமையும் கேக்கலாம், அதுக்கு அவ டைவர்ஸ் கேஸ் போட்டிருக்கணும்னு அவசியமே இல்ல.