ஏல அறிவிப்பில் ஆர்சி நிலவரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாளிதழ்களின் உள்பக்கங்களில் வாகன ஏல அறிவிப்புகள் அடிக்கடி வருகின்றன. பதிவு எண், மாடல், ஆண்டு, குறைந்தபட்சக் கேட்புத் தொகை, முன்வைப்புத் தொகை, பார்வையிடும் நாள் எல்லாம் இருக்கும். ஆர்சி என்ற பதிவுச் சான்று கையில் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது, எஃப்சி என்ற தகுதிச் சான்று எப்போது முடிந்தது, வரி பாக்கி உண்டா என்பது மட்டும் இருக்காது. கடைசியில் பொடி எழுத்தில் ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்’ என்று ஒரு வரி. வேன் எடுக்கப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். இன்ஜினில் கோளாறு என்றாலும் காகிதத்தில் கோளாறு என்றாலும், பணம் கட்டியபின் விற்றவரைக் கேட்க முடியாது என்பதே அதன் பொருள்.

முதலில் எந்த ஏலம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெயர் மாற்றும் வழி ஒவ்வொன்றுக்கும் வேறு. தவணை நின்றதால் ஃபைனான்ஸ் கம்பெனி தூக்கிவந்த ‘சீஸ் வண்டி’ ஒரு வகை. மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலாகி ஆயுதப்படை மைதானத்தில் நிற்பவையும், அரசுத் துறைகள் கழித்துவிட்டவையும் இன்னொரு வகை. பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்று ‘டோட்டல் லாஸ்’ இழப்பீடு கொடுத்துக் காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்ட விபத்து வண்டிகளும் வெள்ள வண்டிகளும் மூன்றாவது.

சீஸ் வண்டியில் சிக்கல் இன்ஜினைவிடக் காகிதத்தில்தான் அதிகம். வண்டியைப் பறிகொடுத்தவர் ஆர்சியைத் தரமாட்டார், கையெழுத்தும் போடமாட்டார். கடன் கொடுத்த அன்றே பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் வெற்றாக வாங்கிவைத்த கையெழுத்தை நம்பி, “29, 30 ரெடியாக இருக்கிறது சார்” என்று, ஏல வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் சொல்வார்கள். அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாகனில் விண்ணப்பிக்கும்போது பழைய உரிமையாளரின் கைப்பேசிக்கு ஓடிபி போனால், அந்தக் கையெழுத்து அதோடு நின்றுவிடும். இதற்குச் சட்டத்திலேயே நேர்வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 51(5)-ன் கீழ் கம்பெனி படிவம் 36-ல் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்டிஓ பழைய உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, அவர் தரப்பைக் கேட்டு, பழைய ஆர்சியை ரத்து செய்து கம்பெனி பெயரில் புதியதைத் தரலாம். பிறகு கம்பெனியே உரிமையாளராகக் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொடுக்க முடியும். ஏலத்துக்கு முன்னால் கம்பெனி முடித்திருக்க வேண்டிய வேலை இது. முடிக்காமல் விற்றால் அலைச்சல் ஏலம் எடுத்தவர் தலையில் விழுகிறது. வண்டி வீட்டு வாசலில் நிற்கும், வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும்.

ஆகவே யார்டில் கேட்க வேண்டியது இதுதான்: ஆர்சி கம்பெனி பெயருக்கு மாறிவிட்டதா? மாறவில்லை என்றால், அசல் ஆர்சியும், படிவம் 29, 30-ம், ஆர்சியிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் தருவார்களா? “வந்துடும்” என்ற பதிலுக்குக் கேட்பு விலையில் கணிசமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, அந்த வண்டியை விட்டுவிடுவது.

பதிவு எண் கிடைத்த அன்றே எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்க்கலாம். எஃப்சி, வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று தேதிகள், எந்த ஃபைனான்ஸ், கருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அபராதம் நிலுவையில் இருந்தால் பெயர் மாற்றம் நகராது. திருட்டு வண்டியா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனத் தடையின்மைச் சான்றில் சரிபார்க்கலாம். மஞ்சள் போர்டு வேன் என்றால் பர்மிட்டும் கூடவே வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பர்மிட்டை மாற்றப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தனியே வேண்டும்.

காவல் துறை ஏலத்தில் ஓடிபி தொல்லை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதி 57-ன்படி படிவம் 32 போதும். வண்டியைக் கையில் வாங்கிய 30 நாளுக்குள், ஏலம் உறுதியான சான்று, ஏலம் விட அரசு அனுமதித்த உத்தரவின் சான்றிட்ட நகல், ஆர்சி, இன்சூரன்ஸ் ஆகியவற்றோடு தர வேண்டும். பலர் கோட்டைவிடுவது அந்த உத்தரவின் நகலைத்தான். பணம் கட்டும் இடத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும். ஏலத் தொகைக்கு மேல் ஜிஎஸ்டி தனி. கழித்துவிட்ட அரசு வேனை வாங்கி ஓட்டலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. அவை உடைப்பதற்கே போக வேண்டும்.

இனி வண்டி. யார்டில் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், பெரும்பாலும் பேட்டரியும் இருக்காது. ஸ்டார்ட் ஆகாத வண்டியிலும் பார்க்க நிறைய உண்டு. மண்ணெண்ணெய் நனைத்த துணி, வெள்ளைத் தாள், பென்சில், டார்ச் போதும்.

வண்டியின் அடிச்சட்டத்தில் அச்சடித்த சேசிஸ் எண்ணில் தொடங்குங்கள். அச்சடித்த இடத்தின் கிரீஸைத் துடைத்து, தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் தாளில் வரும். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. ஒரு எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் கோடு தெரிந்தாலோ, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ அங்கேயே திரும்பிவிடலாம். ஆர்சியில் உள்ள இன்ஜின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இன்ஜினை மாற்றிவிட்டு ஆர்சியில் ஏற்றாமல் விட்ட வண்டிகள் எஃப்சியில் மாட்டும்.

அடுத்து, இன்ஜின் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, இருவர் சேர்ந்து முன்னும் பின்னும் ஆட்டினால், நல்ல இன்ஜின் கொஞ்சம் இழுத்துப்பிடித்து மெல்லச் சுற்றும். துளியும் அசையாமல் டயர் தேய்ந்தால் சிக்கிக்கொண்டது என்று கொள்ளலாம். பிரேக் பிடித்துக்கொண்டாலும் இதே மாதிரிதான் இருக்கும் என்பதால், நியூட்ரலில் ஒருமுறை தள்ளிப் பார்த்து ஒப்பிடுங்கள். ஆயில் கேஜை உருவினால், டீசல் வண்டியில் கருப்பாக இருப்பது இயல்பு. பால் காபி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டோ, அதற்கும் மேலோ செலவு.

மாருதியின் ஆம்னி, ஈக்கோ வேன்களில் முன் சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின். ஈக்கோவில் அதற்கும் முன்னால் குனிந்து சைலன்சரைப் பாருங்கள். புகையின் நச்சைக் குறைக்க அதில் வைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால், அதையே குறிவைத்துக் கழற்றும் திருட்டு நாட்டின் பல ஊர்களில் நடந்திருக்கிறது. புது வெல்டிங், வெற்றுக் குழாய், பொருந்தாத நட்டு தெரிந்தால் புகைச் சான்றில் தோற்கும். கேஸ் வண்டி என்றால் கிட் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். சிஎன்ஜி சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம், கடைசித் தேதியைக் கேளுங்கள்.

டிராவலர் மாதிரி வேனில் சீட்டுகளை எண்ண வேண்டும். ஆர்சியில் 12+1 (பயணிகள் 12, ஓட்டுநர் 1) இருக்க, உள்ளே 15 சீட் போல்ட் போட்டிருந்தால், கழற்றி ஓட்டையை அடைக்காமல் எஃப்சி கிடைக்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி மினுக்கலாம், சீட் பெல்ட்டின் உள்சுற்றை யாரும் கழுவுவதில்லை. கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, ஃபியூஸ் பெட்டியில் பச்சைப் படிவு, ஹெட்லைட்டுக்குள் ஈரம் எல்லாம் அதே கதைதான். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் டோட்டல் லாஸ் கொடுப்பார்கள் என்பதை நினைவில் வைத்தால், அந்த ஏலத்துக்குப் போகும் ஆசை தானாகக் குறையும். உதிரிபாகத்துக்கு உடைப்பவர்களின் சந்தை அது.

டயரில் ட்ரெட் (மேல் பள்ளம்) இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது. வெயிலில் நின்ற பழைய டயர் ஓடத் தொடங்கிய பிறகுதான் வெடிப்பு விடும். எலி கடித்த வயரிங், ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட், இறுகிப்போன வீல் சிலிண்டர் ஆகியவை நீண்ட நாள் நின்ற எந்த வண்டியிலும் எதிர்பார்க்க வேண்டியவை.

கணக்கைக் கேட்புக்கு முன்பே போட வேண்டும். உதாரணத்துக்கு, காகிதம் சுத்தமான ஒரு வேன் உள்ளூர் கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடையில்) ரூ. 3,20,000-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் ரூ. 2,40,000-க்கு முடிந்தால் ரூ. 80,000 மிச்சம் போலத் தெரியும். டயர், பேட்டரி, பிரேக், ஆயில், வயரிங் என்று ரூ. 40,000, ஏலக் கட்டணம், யார்டு வாடகை, இழுவை வண்டி, வரி பாக்கி, இன்சூரன்ஸ், எஃப்சி என்று இன்னொரு ரூ. 25,000. மிஞ்சுவது ரூ. 15,000. ஓட்டிப் பார்க்காமல், திருப்பித் தர வழியில்லாமல் எடுத்ததற்கு இந்த மிச்சம் போதாது. கன்சல்டிங் விலையில் மூன்றில் ஒரு பங்காவது கீழே வராவிட்டால் கையை இறக்கிவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

கேட்பில் முதலாவதாக வந்தாலும் வண்டி உங்களுடையது என்று அர்த்தமல்ல. கம்பெனி ஒப்புதல் தந்தால்தான் உறுதி. மறுத்தால் முன்பணம் திரும்பும். ஒப்புதல் வந்தபின் கெடுவுக்குள் மீதிப் பணம் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். வண்டியை எடுக்கும்போது இன்சூரன்ஸ் பெரும்பாலும் காலாவதியாகி இருக்கும். யார்டு வாசலிலிருந்தே ஓட்டிவருவது ஆபத்து; வழியில் ஒருவர் மீது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். இழுத்துவருவதே மலிவு.

மேலே சொன்னவற்றில் பாதியை வாங்குபவர் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆர்சி யார் பெயரில், படிவம் 36 முடிந்ததா, எஃப்சி தேதி, வரி எதுவரை என்ற நான்கும் விற்பவரின் கோப்பில் ஏற்கெனவே இருப்பவை. இவற்றைத் தராத ஏல விளம்பரத்தை ஏற்பதில்லை என்று நாளிதழ்கள் முடிவெடுத்தால் போதும். ஒரு வண்டிக்கு ஒரு வரிதான் கூடும்.

இப்படிக்கு,
பழைய வேன் வாங்கி விற்போரும் மெக்கானிக்குகளும்,
ஈரோடு.