பின்னணி இசை இல்லாத கோபம்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அத்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் டிவி பார்க்கக் கூடாது என்று சொன்ன நாட்களில் வீடே அமைதியாக இருந்தது. இப்போது மாலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து வரை தொடர்தான். மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவள் திருச்சியில் விடுதியில் இருக்கிறாள், நம்மைவிட நல்ல சாப்பாடு கிடைக்கிறதாம். சின்னவன் ஒன்பதாம் வகுப்பு. அவனைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும், அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் மெய்யழகன் படம். இரண்டு ஆண்கள் விடிய விடியப் பேசுவதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். விடுதி மொட்டை மாடியில் நீயும் நானும் பேசாத பேச்சா? அதைப் படமாக எடுத்திருந்தால் இதைப் போல மூன்று மடங்கு நீளம் வந்திருக்கும். பாதியில் தூங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் ஓடும்போதே என் தோளில் சாய்ந்து தூங்கியவள் நீ. உன் தூக்கத்தை வைத்து ஒரு படத்தை எடை போட நான் சம்மதிக்க மாட்டேன்.

நீடாமங்கலம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தே எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. ஆனால் எனக்கு அந்தப் படம் பிடித்ததற்கு ஊர்ப்பாசம் காரணம் இல்லை. 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து போனவன், 2018இல் தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறான். அத்தான், அத்தான் என்று ஒருவன் உயிரையே கொடுக்கிறான். அவன் பெயர் இவனுக்கு நினைவில் இல்லை. கேட்கவும் கூச்சம். கதை அவ்வளவுதான். வில்லன் கிடையாது. ஒருவரை ஒருவர் அடிப்பதில்லை. தான் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் அந்த வீட்டையே தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று தெரிந்தபோது அரவிந்த்சாமியின் முகத்தைப் பார்த்தாயா, அல்லது அப்போதுதான் கண்ணயர்ந்தாயா? பெயர் தெரியாத வெட்கத்தில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போகிறானே, அந்த வெட்கத்தை ஒரு நடுவயது ஆணின் முகத்தில் நம் சினிமா எத்தனை தடவை காட்டியிருக்கிறது? நீளம், நீளம் என்று எல்லாரும் சொல்லி, படம் வெளியான பிறகு 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். நான் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். எனக்கு ஒரு நிமிடமும் பாரமாக இல்லை. வரலாற்றைப் பற்றிய பேச்சு மட்டும் கொஞ்சம் பாடம் நடத்துவது போல இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் உனக்கு ஓர் அங்குலமும் விட்டுத்தர மாட்டேன்.

போதும். நான் எழுத உட்கார்ந்தது கொட்டுக்காளியைப் பற்றி. நீ இன்னும் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னாள். எப்படிப் பார்க்காமல் இருக்கிறாய்? கூழாங்கல்லை எடுத்த வினோத்ராஜின் இரண்டாவது படம். கூழாங்கல் 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான டைகர் விருது வாங்கிய படம்; அப்படியிருந்தும் நாம் அதைத் தியேட்டரில் பார்க்க முடியவில்லை, நேராக ஓடிடிக்குத்தான் வந்தது. கொட்டுக்காளிக்குத் தியேட்டர் கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 23, வாழை படம் வந்த அதே நாள். வாழை ஓடியது, இது ஓடவில்லை. வாழை ஓடியதில் எனக்கு மகிழ்ச்சிதான், அந்தச் சிறுவன் பசியோடு அலையும்போது நானும் அழுதேன். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வெளியிட்டது யார் யோசனையோ தெரியவில்லை, எனக்கு வயிறு எரிகிறது.

கதையைச் சொல்லிவிடுகிறேன், சொன்னால் கெட்டுப்போகிற படம் இல்லை அது. மதுரைப் பக்கத்துக் குடும்பம். மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, பேயோட்டும் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். ஒரு ஷேர் ஆட்டோவில் பெண்கள், கூடவே இரண்டு மூன்று பைக்கில் ஆண்கள், கல்லில் கட்டிய ஒரு சேவல். அவளை மணக்க வேண்டிய முறைமாமன் பாண்டிதான் சூரி. பரோட்டா சாப்பிட்டு நம்மைச் சிரிக்க வைத்த அதே சூரி. தொண்டை கட்டி, குரல் கிழிந்து, சுண்ணாம்பைக் கழுத்தில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய பேசுவதே இல்லை. எல்லாரும் அவளைப் பற்றியே பேசுகிறார்கள், அவளிடம் பேசுகிறவர்கள் இல்லை.

படத்தில் பின்னணி இசை கிடையாது. முதலில் மாமா, டிவியில் ஏதோ கோளாறு என்று ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் கூட்டினார். காற்றும் கோழியும் ஆட்டோவின் இரைச்சலும்தான் கூடின.

வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது. மீனா தன்னை அறியாமல் அதை முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். பாண்டி பைக்கை நிறுத்திவிட்டு வந்து அவளை அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். கயல், அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது, அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. நம் படங்களில் கதாநாயகனுக்குக் கோபம் வரப்போகிறது என்பது முதலில் நம் காதுக்குத்தான் தெரியும். தாளம் ஏறும். செருப்புக் கால் மெதுவாக நடந்து வரும். அவன் கை ஓங்குவதற்கு முன்பே நாம் அவனுக்கு அனுமதி கொடுத்துவிட்டிருப்போம். அவன் அடிப்பது வில்லனையாக இருக்கலாம், காதலியின் கன்னமாகவும் இருக்கலாம். அந்த இசை இரண்டையும் ஒரே மாதிரி நியாயமாக்கிவிடும். சின்ன வயதிலிருந்து எத்தனை கன்னங்களில் விழுந்த அறைகளுக்கு நாம் கைதட்டியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். இங்கே இசை இல்லை. அடி விழும் சத்தம், ஒரு கிழவியின் அழுகை, யாரோ விடுங்கள் விடுங்கள் என்று கத்துவது. அவன் கோபத்துக்கு எந்தத் துணையும் இல்லை. அசிங்கமாக இருந்தது. வீட்டுக்குள் நடக்கிற கோபம் நிஜமாகவே அப்படித்தானே இருக்கும்?

தொடரில் யாராவது முகத்தைத் திருப்பினால்கூட மூன்று முறை இடி இடிக்க வேண்டும் என்று நினைக்கிற அத்தை, அந்த இடத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், “ஒருவனும் அவன் கையைப் பிடிக்கவில்லையே” என்றார். அத்தை யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சேவலை அத்தனை தடவை காட்டியிருக்க வேண்டாம். அதற்கும் மீனாவுக்கும் என்ன சம்பந்தம் என்பது முதல் தடவையே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஒரு காளை வழியை மறிக்கும் இடம் இருக்கிறது பார், இத்தனை ஆண்களும் கிட்டப் போகப் பயந்து நிற்க, ஒரு குட்டிப் பெண் வந்து அதை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அந்த ஒரு காட்சிக்காக நான் இந்த இயக்குநரின் அடுத்த பத்துப் படங்களுக்கும் டிக்கெட் வாங்குவேன்.

முடிவுதான் எங்கள் வீட்டில் சண்டையானது. சாமியாரிடம் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான். இதே கைகள் மீனா மேலும் படப் போகின்றன என்பது அவனுக்கு உறைக்கிறது. அவன் என்ன செய்தான் என்று சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. என் வீட்டுக்காரர், “முடிவு எங்கே? காசு வாங்கிக்கொண்டு பாதிக் கதையைக் கொடுத்தால் எப்படி?” என்று கேட்டார். முடிவு சொல்லியிருந்தால் நாம் எழுந்து சாப்பிடப் போயிருப்போம், இப்போது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோமே, அதுதான் முடிவு என்றேன். விளக்கை அணைத்த பிறகும் வாதம் ஓயவில்லை. இருட்டில் அவர், “எங்கள் அப்பா இப்படித்தான்” என்று மட்டும் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்கு இதே யோசனைதான். லப்பர் பந்து பார்த்திருப்பாய். தினேஷ் நடித்த கெத்து என்கிற கிரிக்கெட்காரனுக்கு விஜயகாந்த் பாட்டு ஒலிக்கும்போது நானும் சேர்ந்து பாடினேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஏனென்றால் அந்தப் படம் இரண்டு ஆண்களின் வீறாப்பால் வீட்டுப் பெண்கள் படும் பாட்டையும் விடாமல் காட்டுகிறது. சுவாசிகா டிராக்டரை எடுத்துக்கொண்டு ஆடுகளத்துக்குள்ளேயே போவது எனக்குச் சிக்ஸரைவிடப் பிடித்திருந்தது.

நெட்ஃபிளிக்ஸில் அடலசென்ஸ் என்று ஓர் ஆங்கிலத் தொடர், 2025 மார்ச்சில் வந்தது. நான்கே பகுதிகள். ஒவ்வொரு பகுதியையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறார்கள். அதை வித்தை என்று நினைத்துத்தான் பார்க்கத் தொடங்கினேன், பத்து நிமிடத்தில் வித்தை மறந்துவிட்டது. வெட்டு இல்லாததால் நமக்கு எங்கும் தப்பிக்க வழியில்லை. விடியற்காலையில் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்து ஒரு 13 வயதுப் பையனைக் கைது செய்கிறது. கூடப் படித்த பெண்ணைக் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. பயத்தில் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிடுகிறான். நான் அவன் பக்கம்தான் நின்றேன். போலீஸ் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டது என்றே நம்பினேன். அவன் அப்பாவும் அப்படித்தான் நம்புகிறார்.

மூன்றாம் பகுதிதான் என்னைப் போட்டு வாட்டியது. ஒரு மனநல நிபுணர், ஒரு பெண், அந்தப் பையன், ஓர் அறை. வேறு எதுவும் இல்லை. அவனுக்குச் சூடான சாக்லேட் பானம் கொண்டுவருகிறார், தன் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுக்கிறார். குழந்தை மாதிரி சிரிக்கிறான். அடுத்த நொடியில் எழுந்து நின்று, அந்தப் பெண்ணுக்கு மேலாக நின்று கத்துகிறான். தான் பயமுறுத்தியது வேலை செய்கிறதா என்று அவர் முகத்தைப் பார்க்கிறான் கயல், அந்தப் பார்வை! கடைசியில் என்னை உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்குமா என்று கதறுகிறான். ஓவன் கூப்பர் என்ற அந்தப் பையனுக்கு அதுதான் முதல் நடிப்பாம். 15 வயதில் எம்மி விருது வாங்கியிருக்கிறான். நான்காம் பகுதியில் அப்பா சொல்கிறார்: என் அப்பா என்னை பெல்ட்டால் அடிப்பார், என் பிள்ளையை அப்படிச் செய்யக் கூடாது என்று இருந்தேன், செய்யவும் இல்லை. உண்மைதான், அவர் பிள்ளையை அடிக்கவில்லை. ஆனால் அவருக்குக் கோபம் வந்தால் மனைவியும் மகளும் எப்படி அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதை நாம் முக்கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இனி சின்னவன். பெரியவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவன் போய், யாரிடம் பேசுகிறாய், கொடு என்று கத்திப் போனைப் பிடுங்கினான். அவள் 20 வயதுப் பெண், இவன் மீசை முளைக்காத பையன். அவள் கொடுத்துவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மாமா கூடத்திலிருந்து சிரித்தார், “ரோஷக்காரன், எங்கள் வம்சம்” என்றார். கோபத்துக்குப் பின்னணி இசை சினிமாவில் மட்டும்தான் என்றா நினைக்கிறாய்? எங்கள் கூடத்தில் அன்று வாசித்தார்கள்.

அவனை உட்கார வைத்து அந்த மூன்றாம் பகுதியைப் பார்க்க வைத்தேன். முழுக்கப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவளிடம் போய், நான் கத்தியபோது நீ பயந்தாயா என்று கேட்டிருக்கிறான். ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். பெரியவள் இதை என்னிடம் சொன்னது பஸ் ஏறும்போதுதான். அதற்குப் பிறகு அவனிடம் எதுவும் மாறியதா என்று கேட்காதே. போனைப் பிடுங்குவது நின்றிருக்கிறது. உள்ளே என்ன ஓடுகிறது என்பது எனக்கு எட்டவில்லை, அவன் அறைக் கதவு இப்போதெல்லாம் அதிகம் மூடியே இருக்கிறது. அந்தத் தொடரில் அம்மாவும் அப்பாவும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறார்கள், அவன் பாட்டுக்கு அறையில்தானே இருந்தான், பத்திரமாக இருக்கிறான் என்றுதானே நினைத்தோம் என்று. எனக்குச் சில இரவுகளில் தூக்கம் வருவதில்லை.

நீ ஆண்கள் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். இந்த வயதுப் பையன்களைக் கூட்டமாகப் பார்க்கிறவள். என்னிடம் இருப்பது ஒருவன்தான், உன்னிடம் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? பெண்களைப் பற்றி எங்கிருந்து கற்றுக்கொள்கிறார்கள்? கைப்பேசியில் எதைப் பார்க்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? அந்தத் தொடரில் ஒரு போலீஸ்காரரின் மகன்தான் அப்பாவுக்கு, பிள்ளைகள் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும் எமோஜி என்கிற சின்னச் சின்னப் பொம்மைக் குறிகளின் பொருளைச் சொல்லித் தருகிறான். அப்படி ஒரு மாணவன் உனக்கு வாய்த்திருந்தால் அவனிடம் கேட்டு எனக்கு விவரமாக எழுது. ஆறுதல் வேண்டாம், தெரிந்ததை எழுது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். கொட்டுக்காளியை அவரோடு உட்கார்ந்து பார், தனியாகப் பார்க்காதே. பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்பதையும் எழுது. பையன்களின் முழுப் பரீட்சை முடிந்ததும் ஒரு வாரம் இங்கே வந்துவிடு. சின்னவன் நீ சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
திலகா
மன்னார்குடி