சாந்திக்கு, எண்டோஸ்கோபி அறையிலிருந்து

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நைட் டூட்டி, அப்புறம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று பதில் தள்ளிப்போய்விட்டது, திட்டாதே. பதினாறு வருஷம் மெடிக்கல் வார்டில் இருந்தவளைத் திடீரென்று, ஸ்கோப் என்கிற கேமராக் குழாயை உடம்புக்குள் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபிக்கு மாற்றிவிட்டார்கள் என்று நீ புலம்பியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானும் அழுதுகொண்டேதான் வந்தேன். இப்போது வேறு எங்கே போகச் சொன்னாலும் போகமாட்டேன்.

முதலில் உன் விரல் விஷயம். நுனியெல்லாம் சாம்பல் நிறமாகி, சோப்பு போட்டும் போகவில்லை என்கிறாயே, பயப்படாதே, அது ஸ்கோப்பை ஊறவைக்கிற ஓபிஏ என்ற கிருமிநாசினிக் கரைசல் செய்கிற வேலை. புரதம் எங்கே இருந்தாலும் பிடித்துக்கொண்டு கறையாக்கும், தோல் உரிந்தால் தானாகப் போய்விடும். ஆனால் கறை பட்டிருக்கிறது என்றால், ஒன்று நீ கையுறை போடவில்லை, அல்லது போட்ட கையுறையில் ஓட்டை. முழங்கை வரை வருகிற கையுறை, ஏப்ரன், கண்ணாடி மூன்றையும் கேட்டு வாங்கு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத அறையில் அந்தக் கரைசல் ட்ரேயைத் திறக்காதே.

என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம், ஒரு பழக்கத்தை மட்டும் முதலில் பிடித்துக்கொள். ஸ்கோப் உள்ளே போனதும் டாக்டர், டெக்னீஷியன், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் டிவியைத்தான் பார்ப்பார்கள். புண்ணும் கட்டியும் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறபோது யாருக்குத்தான் கண் போகாது? நீ பார்க்காதே. உன் கண் நோயாளியின் முகத்திலும் நெஞ்சிலும் இருக்கட்டும். மிடாசோலம் என்ற மயக்க மருந்து கொடுத்து, மூக்கில் ஆக்ஸிஜனும் வைத்திருக்கிறவர் மூச்சை நிறுத்தினால்கூட விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி கொஞ்ச நேரம் 98, 97 என்றே காட்டிக்கொண்டிருக்கும், அது குறையத் தொடங்கும்போது நாம் ஏற்கெனவே தாமதம். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் முந்திச் சொல்லும். மயக்க, வலி மருந்துகளை முறிக்கிற மாற்று மருந்துகளான ஃப்ளுமசெனிலும் நலோக்சோனும் ட்ரேயிலேயே இருக்க வேண்டும், பீரோவில் பூட்டி வைத்துச் சாவியைத் தேடக் கூடாது. ஃப்ளுமசெனில் கொடுத்து எழுந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது, மாற்று மருந்தின் வேகம் முதலில் இறங்கிவிடும், மயக்கம் திரும்பி வரும்.

பெரியவர்கள் பயந்துபோய் வருவார்கள். ஜெர்மனியில் 1868இல் குஸ்மால் என்ற டாக்டர் முதன்முதலாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தது ஒரு கத்தி விழுங்கும் வித்தைக்காரரிடம், வளையாத நேரான குழாய் அது. நம் குழாய் வளையும், உங்களுக்கு வித்தை தெரிய வேண்டாம் பாட்டி என்று நான் சொன்னால் பாதிப்பேர் சிரித்துவிடுவார்கள். இடதுபக்கமாகப் படுக்கவைத்து, எச்சிலை விழுங்காமல் கன்னம் வழியாக வழியவிடச் சொல்லி, கையைப் பிடித்துக்கொள். பல்செட்டை மறக்காமல் கழற்று.

பெருங்குடலை ஸ்கோப் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபிக்கு வருகிறவர்களிடம் “தண்ணி மாதிரி சாப்பிடுங்க” என்று மட்டும் சொன்னால் ரசம் குடித்துவிட்டு வருவார்கள். இளநீர், பால் சேர்க்காத டீ என்று பெயர் சொல்லியே சொல். தக்காளி, கொய்யா, கீரை வேண்டாம், விதையும் நாரும் சக்ஷன் குழாயை அடைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று முன்கூட்டியே கேள், மலம் கறுத்து ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாது, ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பேதி மருந்தை ராத்திரி பாதி, காலையில் பாதி என்று குடித்தவர்களின் குடல்தான் நன்றாகச் சுத்தமாக இருக்கும். பட்டினியோடு வருகிற சர்க்கரைக்காரர்களை முதல் கேஸாகப் போடச் சொல்லிச் சண்டை போடு, நான் போடுவேன்.

இனி யாரும் பார்க்காத வேலை. ஸ்கோப் வெளியே வந்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார், நமக்கு அங்கேதான் ஆரம்பம். படுக்கை பக்கத்திலேயே துடைத்து, சோப்புக் கரைசலை உறிஞ்சவிடு, உள்ளே காய்ந்துவிட்டால் கிருமி படலமாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு எதற்கும் அசையாது. தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் கசிவு சோதனை. நான் புதிதாக இருந்தபோது ஓரிடத்தில், நாளைக்கு இருபது கேஸ் ஓடுகிற அவசரத்தில், அதை விட்டுவிட்டு முக்கினேன். ஊசிமுனை அளவு ஓட்டை, உள்ளே தண்ணீர் போய் ஸ்கோப்பே போயிற்று, மூன்று மாதம் எல்லோரும் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பிரஷ் ஒவ்வொரு குழாயிலும் போய் மறுமுனையில் சுத்தமாக வெளிவரும் வரை தேய்க்க வேண்டும். சரியாகத் தேய்க்காமல் ஓபிஏயில் எத்தனை நேரம் ஊறவைத்தாலும் அழுக்குக்கு அடியில் கிருமி சுகமாக இருக்கும். உன் விரல் கறையை நினைத்துக்கொள், புரதம் மிச்சமிருந்தால் ஸ்கோப்பிலும் அந்தச் சாம்பல் நிறம் தெரியும், அப்படிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து கழுவு. நாங்கள் 12 நிமிடம் வைக்கிறோம், ஒவ்வொரு முறையும் கரைசலுக்கு வீரியம் இருக்கிறதா என்று டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான். நன்றாக அலசி, காற்றடித்து, உள்குழாய்வரை உலர்த்தி, நெட்டுக்குத்தாகத் தொங்கவிடு. பெட்டிக்குள் சுருட்டி வைக்கச் சொன்னால் கேட்காதே.

பித்தக் குழாய்க்கான ஈஆர்சிபி ஸ்கோப் உங்களிடம் இருந்தால் அதன் நுனியில் தூக்கி இறக்கும் சின்னத் தகடு ஒன்று இருக்கும், அதன் பின்புறத்தில்தான் அழுக்கு ஒளியும். சரியாகச் சுத்தம் செய்ய அந்த வடிவமைப்பே தடையாக இருக்கலாம் என்று 2015இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரித்தது. தகட்டை ஏற்றியும் இறக்கியும் இரண்டு நிலையிலும் தேய்.

பயாப்ஸி டப்பாவில் பெயரை, பரிசோதனைக்கு எடுத்த சதைத் துண்டு உள்ளே விழும்போதே எழுது. ‘முடித்துவிட்டு எழுதலாம்’ என்று நினைத்தால் அடுத்த நோயாளி படுத்துவிடுவார்.

கை வலிக்கிறது, அம்மா கண்ணில் மருந்து விட நேரமாயிற்று. லெட்சுமி மேடம் உன்னை விசாரித்தார்கள், அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார்கள், விழாவுக்கு நீ வருகிறாயா என்று எழுது, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகலாம்.

அன்புடன்,
உன் கற்பகம்