மேப்பிள் மரத்தடியில்

ஸ்காபரோ, கனடா
மே 28

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். அங்கே கச்சான் காற்று தொடங்கியிருக்கும், உப்புவெளி மணல் கொதிக்கும். உச்சி வெயிலில் கிணற்றடிக்குப் போகாதீர்கள்.

போன கிழமை கதைத்தபோது, "இன்னும் ஒரு பூக்கன்றும் பிடிக்கவில்லையா பிள்ளை?" என்று கேட்டீர்கள். பிடித்துவிட்டது அம்மா.

எங்கள் பின்வளவு வடக்குப் பக்கம். நடுவில் பெரிய மேப்பிள் மரம். அங்கே நிழல் தேடி ஒதுங்கின நான் இங்கே வெயில் தேடுகிறேன். வந்த வருடம் ஆசைக்கு நட்ட இரண்டு ரோசாவும் நெடுநெடுவென்று வளர்ந்தன, மொட்டு மட்டும் இல்லை. அதற்கு நாளுக்கு 6 மணித்தியால வெயிலாவது வேண்டுமாம். ஒரு லீவு நாளில் மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன். வேலியோரம் காலையில் 2 மணித்தியாலம், மரத்தடியில் அதுவும் இல்லை.

நிழலை விட வேர்தான் கரைச்சல். மேப்பிள் வேர் மேலாகவே ஓடி ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். நிழலில் பூக்கும் என்று நம்பி அஸ்டில்பி என்ற பூக்கன்றை அங்கே வைத்தேன். ஜூலையில் இலை கருகிவிட்டது. கிண்டி எடுத்துக் கூரைத் தண்ணீர் விழும் மூலையில் வைத்த பிறகுதான் பூத்தது.

மரத்தடிக்கு டிரில்லியம். 1937 இலிருந்து இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் பூ அதுதான். மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ். மேப்பிள் இலை விரித்து மூடுவதற்குள், வெறுங்கிளைக்கூடாக விழும் வெயிலில் அவசரமாகப் பூத்துவிடும். விதை போட்டால் பல வருடம் காத்திருக்க வேண்டும் என்பதால் நர்சரியில் வளர்ந்த கன்றாக வாங்கினேன். காட்டில் பிடுங்க மனம் வரவில்லை.

வேலியோரம் பிளீடிங் ஹார்ட். வளைந்த தண்டில் சின்னச் சின்ன இளஞ்சிவப்பு இதயங்கள் தோரணம் மாதிரித் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக ஒரு துளி. முதல் வருடம் கோடை நடுவில் மஞ்சளாகி மண்ணோடு போனது. செத்துவிட்டது என்று மண்வெட்டியோடு போனேன். பக்கத்து வீட்டு அம்மாதான் ஓடி வந்து தடுத்தா, அது நித்திரை கொள்கிறதாம். ஏப்ரலில் செந்தளிர் மண்ணை முட்டிக்கொண்டு வந்ததைக் கண்டு அழுதே விட்டேன் அம்மா.

நாளைக்கு இம்பேஷன்ஸ் நடப் போகிறேன். உறைபனி தாங்காது என்று இவ்வளவு நாளும் பொறுத்திருந்தேன். அது எங்கள் காசித்தும்பையின் இனம். முற்றிய காயைத் தொட்டால் அதே மாதிரி வெடித்துச் சுருளும். போன வருடம் சின்னவள் நாள் முழுக்கக் காய் தேடித் திரிந்தாள்.

அப்பா மாமரத்தடியில் வைத்த கனகாம்பரம் இப்போதும் பூக்கிறதா? மாஞ்சருகைக் கூட்டி அதன் அடியிலேயே போடுவீர்களே, நானும் மேப்பிள் சருகை அப்படித்தான் போடுகிறேன். தம்பியிடம் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்பு மகள்