சாவியைக் குடுத்துட்டா விலகினதா ஆயிடாதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

உங்க பேப்பர் உள்பக்கத்துல பொடி எழுத்துல பொது அறிவிப்புன்னு வருமே, இன்ன தேதியில இருந்து இந்த ஃபர்முக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லன்னு, அதை நான் இத்தனை வருசத்துல ஒரு நாளும் படிச்சதில்ல. இப்ப காலைல மொதல்ல அதைத்தான் தேடுறேன்.

சிவதாபுரத்துல நானும் கூடப் படிச்சவனும் சேந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை போட்டோம். அவன் முதல் அதிகம், நான் கம்மி, ஆனா கம்பி இழுக்குறதுல இருந்து பாலிஷ் வரைக்கும் வேலை பூரா என் தலையில. பத்திரம் எழுதிக்கங்கடான்னு அவங்க அப்பாவே சொன்னாரு, நமக்குள்ள என்னப்பான்னு சிரிச்சோம். செவ்வாய்ப்பேட்டையில வெள்ளியைக் கடனா எடுத்து கொலுசா திருப்புவோம், கணக்கு எல்லாம் சிட்டை நோட்டுல. எடைக் கணக்குல கடன் வாங்கினவங்களுக்குத் தெரியும், வெள்ளி வெல ஏறுச்சுன்னா பாக்கி இருக்குற அதே ஒரு கிலோ ராத்திரியோட ராத்திரியா பெருசாயிடும், சேதாரம் எவ்வளவு போச்சுன்னு ஆளுக்கொரு கணக்கு சொல்ல ஆரம்பிச்சோம், கூட்டாளியா இருந்தவன் பங்காளி ஆயிட்டான். ஒரு நாள் சாவியை மேசைமேல வெச்சுட்டு வந்துட்டேன், அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

எட்டு மாசம் கழிச்சு ஒரு வியாபாரி வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. நான் வெளிய வந்ததுக்கு அப்புறம் அவன் எடுத்த வெள்ளிக்கு! "நீங்க விலகினது எனக்கு எப்படிங்க தெரியும்"னு கேட்டாரு. கோவம் வந்துச்சு, ஆனா கேள்வி நியாயந்தான்.

வக்கீல்கிட்ட போனா 1932 கூட்டாண்மைச் சட்டத்தை எடுத்து வெச்சாரு. எழுத்துல ஒண்ணும் இல்லாத கூட்டுல யார் வேணா கலைச்சுக்கலாமாம், ஆனா மத்த பார்ட்னருக்கு எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், அது 43ஆம் பிரிவு. அரசிதழ்லயும் அந்த மாவட்டத்துல ஓடுற தமிழ் பேப்பர்லயும் அறிவிப்பு போடுற வரைக்கும் வெளியாளுங்க ரெண்டு பேரையும் பார்ட்னராவே வெச்சு கேக்கலாம், அது 45. அப்புறம் சொன்னதுதான் வயித்தெரிச்சல், யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாப நஷ்டம் சரிபாதி, ராத்திரி பகலா ஒழைச்சதுக்கு தனியா சம்பளம் கேக்க முடியாது, பேசி வெச்சிருந்தா ஒழிய. ஃபர்ம் பதிவும் பண்ணல, அதனால கூட்டு ஒப்பந்தத்தை வெச்சு அவன்மேல வழக்கு போட வழியில்ல, கூட்டைக் கலைக்கணும், கணக்கு பாக்கணும், கலைஞ்ச கூட்டோட சொத்தை மீட்கணும்னு மட்டும் போகலாமாம். நல்லவேளை அந்த சிட்டை நோட்டை நான் எடுத்துட்டு வந்தேன், எண்ணெய்க் கறையோட அதுதான் இப்ப எனக்கு சாட்சி.

பட்டறை, தறி, ஜவ்வரிசி மில்லுன்னு நம்ம ஊர்ல பாதி தொழில் வாய்வார்த்தையிலதான் ஓடுது, பதிவுத்துறைக்காரங்க லீ பஜார் பக்கமோ செவ்வாய்ப்பேட்டையிலயோ ஒரு நாள் முகாம் போட்டு எங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா புண்ணியமா போகும்.

நோட்டீஸ் போன வாரம் அனுப்பியாச்சு. உங்க ஏஜென்ட்கிட்டயும் விளம்பரம் குடுத்திருக்கேன், பொடி எழுத்துலதான் வருமாம், கண்ணாடி போட்டுப் படிங்க.

இப்படிக்கு,
ஒரு கொலுசுப் பட்டறைக்காரன்,
சிவதாபுரம், சேலம்.